திறந்த உரிமம் கொடுத்த பிறகு ஆசிரியரின் தார்மீக உரிமை என்னவாகும்?

படைப்பில் தம் பெயர் இடம்பெறவும், தம் மதிப்பைக் கெடுக்கும் திரிபை எதிர்க்கவும் ஆசிரியருக்குள்ள உரிமையே தார்மீக உரிமை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதை, நகலெடுப்பது, விற்பது போன்றவற்றுக்கான பொருளாதார உரிமையிலிருந்து பிரித்தே வைத்துள்ளது. கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு 4.0 என்ற திறந்த உரிமம், ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் நகலெடுக்கவும் மாற்றவும் இசைவு தருகிறதே தவிர, தார்மீக உரிமையைக் கையளிப்பதில்லை. அந்த இசைவு செயற்படத் தேவையான அளவுக்கு மட்டும், சட்டம் இடங்கொடுக்கும் வரையில், தம் தார்மீக உரிமையை வலியுறுத்துவதில்லை என ஆசிரியர் உடன்படுகிறார். வன்னியில் உழவுக்கு இரவல் கொடுத்த மாட்டில் உரியவர் சுட்ட குறி அப்படியே இருப்பதைப் போன்றது இது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் படமொன்றை அளவாக வெட்டிச் சுவரொட்டியில் சேர்ப்பது பெரும்பாலும் சிக்கலற்றது; பக்தர்களை இழிவுபடுத்தும் வாசகத்தை அதில் பொறித்து, எடுத்தவர் பெயரையும் கீழே போடுவது (கோயில் படங்களில் இது சிறு விடயமன்று) வேறு. பெயரைப் போட்டுவிட்டால் எதையும் செய்யலாம் என்று பலர் எண்ணுவது தவறு. படத்தை எடுத்து உரிமம் கொடுத்தவர் கேட்டுக்கொண்டால், இயன்றவரை அவர் பெயரை நீக்கவும் வேண்டும் என்கிறது அதே உரிமம்.