பெஞ்ச் கிளார்க் பதில்கள்: முப்பத்தொன்பது ஷில்லிங்

கேள்வி: கைக்குட்டை திருடியவனைக்கூட இங்கிலாந்தில் தூக்கில் போட்டார்களாமே? நம்பும்படியாக இல்லையே, ஐயா.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாதி நம்புங்கள் அம்மா. ஒரு ஷில்லிங்குக்கு மேல் பெறுமானமுள்ள பொருளைப் பிறர் பையிலிருந்து அடித்தால் தூக்கு என்று சட்டம் இருந்தது உண்மை. கடையில் ஐந்து ஷில்லிங் திருட்டு, குடியிருக்கும் வீட்டில் நாற்பது ஷில்லிங் திருட்டு, இவற்றுக்கும் தூக்குதான். 1800 வாக்கில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கும் மேல். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்தது வேறு, கூண்டுக்கு எதிரே உட்கார்ந்த பன்னிரண்டு ஜூரிகள் (முடிவு சொல்ல அழைக்கப்படும் சாதாரணக் குடிமக்கள்) செய்தது வேறு.

நான் முப்பத்தோரு ஆண்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். களவுபோன பொருளுக்கு மதிப்புப் போடுவதில் நடக்கும் கூத்து எனக்குத் தெரியும். ஒரு பித்தளை அண்டா வழக்கு. புகாரில் ஆயிரம் ரூபாய். எதிரியின் வக்கீலோ, "ஓட்டை அண்டா, நூறுகூடத் தேறாது" என்று வாதாடினார். சான்றுப் பொருள் 1 என்று அட்டை கட்டிய அந்த அண்டா, வழக்கு முடியும்வரை என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குனியும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கும். ஓட்டை ஏதும் என் கண்ணில் படவில்லை.

எங்கள் வக்கீல்கள் லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட் ஜூரிகளிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். வேலைக்காரப் பெண் எஜமானர் வீட்டில் வெள்ளிச் சாமான் திருடிவிட்டாள் என்று வையுங்கள். சாட்சி பலமாக இருக்கிறது. ஜூரிகளின் முடிவு: குற்றவாளிதான், ஆனால் பொருளின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங்! ஒரு ஷில்லிங் குறைத்ததில் ஒரு கழுத்து தப்பியது. சட்ட மேதை பிளாக்ஸ்டோன் இதை ஒருவகைப் புண்ணியப் பொய்ச்சத்தியம் என்றே எழுதினார். தப்பியவர்களில் பலரைக் கப்பலேற்றினார்கள். 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குப் போன கைதிகள் மட்டும் சுமார் 1,60,000 பேர்.

தூக்கு என்றாலே ஜூரி விட்டுவிடும், பறிகொடுத்தவனும் புகார் கொடுக்கத் தயங்குவான். இதைச் சொல்லித்தான் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமிலி 1808-இல் பிக்பாக்கெட்டுக்கான மரண தண்டனையை நீக்க வைத்தார். 1830-இல் வங்கிக்காரர்களே, கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு வேண்டாம் என்று நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். இரக்கத்தினால் அல்ல, போர்ஜரிக்காரன் ஒருவனாவது தண்டனை பெறட்டுமே என்றுதான்!

கேள்வி: லண்டன் போலீஸ்காரர் ஏன் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை?
– வாசகர், காரைக்குடி

பதில்: தொடக்கத்தில் ஜனங்களுக்குப் போலீஸ் என்ற சொல்லே கசந்தது. 1819-இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்ததை அவர்கள் மறக்கவில்லை. அதனால் 1829-இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் போலீஸை அமைத்தபோது, பட்டாளத்தின் சாயலே தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். பட்டாளத்தின் நிறம் சிவப்பு, ஆகவே போலீஸுக்கு நீலம். தலையில் கனவான்கள் போடும் உயரமான தொப்பி. ஆயுதம் ஒரு மரத்தடி, அதுவும் கோட்டுக்குள் மறைவாக. உதவிக்கு ஆள் கூப்பிட ஒரு மரக் கிலுகிலுப்பை; விசில் வந்தது 1880-களில்தான்.

ஒன்றாம் நம்பர் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த வில்லியம் அட்கின்சன், குடித்துவிட்டு வந்ததற்காக நான்கே மணி நேரத்தில் வேலையிழந்தார் என்பது உபரிச் செய்தி.

அப்படியும் வெறுப்பு தீரவில்லை. 1833-இல் லண்டன் கோல்ட்பாத் பீல்ட்ஸில் கூடிய அரசியல் கூட்டத்தைக் கலைக்கப்போன கான்ஸ்டபிள் ராபர்ட் கல்லியைக் குத்திக் கொன்றார்கள். மரண விசாரணை ஜூரி சொன்ன முடிவு, "நியாயமான கொலை". அந்த ஜூரிகளை ஊரே கொண்டாடியது! பிறகுதான் மெல்ல மெல்ல மரியாதை வந்தது. இன்றும் ரோந்து போகும் சாதாரணக் கான்ஸ்டபிளிடம் துப்பாக்கி கிடையாது. ஆயுதப் பிரிவு தனி. வட அயர்லாந்து மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: அதே ஆங்கிலேயர்கள் நமக்கு மட்டும் ஏன் வேறு மாதிரிப் போலீஸைக் கொடுத்தார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: லண்டன் அச்சு வேறு, அயர்லாந்து அச்சு வேறு. அடங்காத அயர்லாந்துக்கு அவர்கள் வைத்தது துப்பாக்கியும் பாராக்கும் உள்ள போலீஸ். 1859-இன் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டமும் 1861-இன் இந்தியப் போலீஸ் சட்டமும் பெரிதும் அந்த அச்சில் வார்த்தவை. ஆளப்படுகிறவனின் சம்மதத்தையா எதிர்பார்ப்பார்கள்?

கேள்வி: ஸ்காட்லாந்து யார்டு ஸ்காட்லாந்திலா இருக்கிறது?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை தம்பி, லண்டனில். லண்டன் போலீஸின் பழைய தலைமையகத்தின் பின்வாசல் 'கிரேட் ஸ்காட்லாந்து யார்டு' தெருப்பக்கம் திறந்தது. பின்வாசல் பெயரே நிலைத்துவிட்டது. 1901-இல் அங்கே கைரேகைப் பிரிவு வந்தது. கைரேகைகளை வகைப்படுத்தும் அந்த முறை கல்கத்தாவில் உருவானது. மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அஜிஜுல் ஹக், ஹேம்சந்திர போஸ். முறைக்குப் பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

கேள்வி: இங்கிலாந்தில் தூக்கு எப்போது நின்றது?
– வாசகி, சேலம்

பதில்: கடைசித் தூக்கு 1964 ஆகஸ்ட் 13, காலை எட்டு மணி. லிவர்பூலில் ஒருவர், மான்செஸ்டரில் ஒருவர், ஒரே நேரத்தில். 1965-இல் கொலைக்கான தூக்கை ஐந்தாண்டுக்கு நிறுத்தினார்கள், 1969-இல் நிரந்தரமாக்கினார்கள்.

மக்கள் மனத்தை அரித்தது திமோதி எவன்ஸ் வழக்கு. லண்டன் ரில்லிங்டன் பிளேஸ் 10-ஆம் எண் வீட்டின் மாடியில் குடியிருந்தவர். தன் குழந்தையைக் கொன்றதாக வழக்கு. முக்கிய சாட்சி, கீழ்வீட்டு ஜான் கிறிஸ்டி. ஜூரிகள் நாற்பது நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். 1950 மார்ச்சில் தூக்கு. மூன்றாண்டு கழித்து, கிறிஸ்டி காலி செய்த வீட்டின் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தபோது, பின்னால் இருந்த பொந்தில் பெண்களின் பிணங்கள். எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கினார்கள். தெருவின் பெயரை அதற்கு முன்பே மாற்றியிருந்தார்கள். அப்படியும் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குறையவில்லை. பிறகு வீடுகளையே இடித்துவிட்டார்கள்.