வாங்கும் முன் கேளுங்கள்: கடலாமையும் கேமராவும்

மன்னார்குடி வாசகர்: அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்து கடலாமைகளைப் படமெடுக்க விரும்புகிறேன். என் கைப்பேசி ஐபி 68 தரம் பெற்றது என்பதால் தனி உறை தேவையில்லை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஐபி 68 என்பதில் 6 தூசியையும் 8 நீரையும் குறிக்கும். அந்த 8 எத்தனை ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே வரையறுத்துக்கொள்கிறார். பல கைப்பேசிகளில் அது ஒன்றரை மீட்டர் ஆழம், அரை மணி நேரம், அதுவும் அசையாத நன்னீரில். கடலிலோ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முதன்முறை மூழ்குபவரையே 12 மீட்டர் வரை அழைத்துச் செல்வதுண்டு. இதையெல்லாம் பெட்டியின் மேல் எவரும் அச்சிடுவதில்லை. விளம்பரத்தில் அந்தக் கைப்பேசி அருவியில் குளிக்கும்; உத்தரவாத அட்டையைப் பிரித்துப் படித்தால், நீர் புகுந்து ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை என்று கடுகெழுத்தில் இருக்கும். ஆழத்தை மீட்டரில் குறிப்பிட்டுள்ள உறையை வாங்குங்கள்.

கும்பகோணம் வாசகர்: லட்சத்தீவில் எடுத்த ஆமைப் படங்கள் அனைத்தும் நீலம் பூத்திருக்கின்றன. விலை உயர்ந்த கேமரா வாங்கட்டுமா?

பதில்: கேமராவின் மீது குற்றமில்லை. நீர் முதலில் சிவப்பு ஒளியைத்தான் விழுங்குகிறது. சில மீட்டர் இறங்கியதுமே ஆமையின் பழுப்பு மங்கிவிடும். வெயில் நன்றாக இறங்கும் ஆழத்தில் லென்ஸின் முன் மாட்டும் சிவப்பு வடிகட்டியே ஓரளவு உதவும். நான் அவசரப்பட்டு ஒரு ஃபிளாஷ் வாங்கி, அதை லென்ஸை ஒட்டியே பொருத்தினேன். நீரில் மிதந்த துகள்கள் எல்லாம் வெளிச்சம் வாங்கிக்கொண்டு, மார்கழிப் பனியில் ஹெட்லைட் போட்டு வண்டி ஓட்டியதுபோல் படம் முழுவதும் வெண்புள்ளிகள். விளக்கு பக்கவாட்டில் தள்ளி இருக்க வேண்டும் என்பதைப் பணம் போன பிறகே அறிந்தேன்.

மயிலாடுதுறை வாசகர்: அவ்வளவு தூரம் போவானேன்? தரங்கம்பாடியிலேயே மூழ்கி எடுக்கலாமே?

பதில்: கலங்கிய நீரில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.

திருவாரூர் வாசகி: புதிய கேமரா உறையைக் கேமரா இல்லாமல் வாளி நீரில் அமிழ்த்திப் பார்த்தேன், உள்ளே நீர் புகுந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரசீதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: அம்மா, நீங்கள் செய்ததுதான் முறை. நான் அப்படிச் சோதிக்காமல் இறங்கி, உறையின் மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கில் ஒட்டியிருந்த ஒரே ஒரு தலைமுடியால் கேமராவை உப்புநீருக்குக் கொடுத்தவன். உங்களுடையது பொருளின் குறை. அந்த வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பணத்தைத் திருப்பித் தர, ரசீதில் காலக்கெடு குறிக்கப்படாவிட்டால் 30 நாள் கெடு. முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. உறையையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: கோடியக்கரையில் பங்குனி ஆமை இரவில் முட்டையிடுவதைப் படமெடுக்க எந்த ஃபிளாஷ் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். தவிர, அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய பட்டியலில், உள்ள உயிரினம். வனத்துறையினர் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும்போது உடனிருக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். அங்கே கையில் இருக்கும் கைப்பேசியே போதும், ஃபிளாஷை அணைத்துவிட்டு.