நெஞ்சு வலியோடு வரும் இளைஞர்: பரம்பரைப் பெருந்தமனி நோயைச் செவிலியர் கண்டுகொள்வது எப்படி?

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உயரமான, ஒல்லியான 26 வயது இளைஞர் திடீர் நெஞ்சு வலியோடு வந்தார். ஈசிஜி இயல்பாக இருந்தது. பல மணி நேரம் கழித்து எடுத்த சிடி ஸ்கேனில்தான் பெருந்தமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய்) உட்சுவர் கிழிந்திருப்பது தெரிந்தது. அவருடைய அப்பா இளவயதிலேயே மாரடைப்பில் இறந்தவராம். வந்தவுடனே எதைக் கவனித்திருக்க வேண்டும்? பிறகு எங்கள் பொறுப்பு என்ன?

பதில்: அப்பாவின் மரணம்தான் இதில் மிகப் பெரிய தடயம். அது கடைசியில் தெரியவந்ததற்குக் காரணம், பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதம். 'வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா?' என்றால் 'இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். 'இரத்த சொந்தத்தில் யாராவது 60 வயதுக்குள் திடீரென்று இறந்தார்களா? யாருக்காவது பெரிய இரத்தக்குழாய் வீங்கி ஆபரேஷன் நடந்ததா?' என்று கேளுங்கள். பிரேதப் பரிசோதனை நடக்காத திடீர் மரணம் மாரடைப்பு என்றே பதிவாகிவிடுவது உண்டு. பெருந்தமனிச் சுவரைப் பலவீனமாக்கும் பரம்பரை நோய்களில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்போடு வருபவை. அதே சமயம், அவற்றில் ஒன்றான மார்பன் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மரபணு மாற்றம் புதிதாகத் தோன்றியிருக்கும். அதனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்ற பதிலை வைத்துச் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம்.

கேட்டுக்கொண்டே உடலையும் பாருங்கள். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லுங்கள். மார்பன் இருந்தால் கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு கையால் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் சுண்டுவிரல் நகத்தை முழுவதும் மூடலாம். நெஞ்செலும்பு குழிந்தோ துருத்தியோ இருப்பது, முதுகுத்தண்டு வளைவு, கண் லென்ஸ் இடம் விலகியது, முன்பு நுரையீரல் சுருங்கி நெஞ்சில் குழாய் போட்டது ஆகியவையும் குறிப்புகள்தான். இதே வரிசையில் வரும் லோயிஸ்–டீட்ஸ் நோயில் உள்நாக்கு பிளந்திருக்கலாம், கண்கள் அகன்று அமைந்திருக்கலாம். இரத்தக்குழாயைத் தாக்கும் எஹ்லர்ஸ்–டான்லோஸ் வகையில் தோல் மெலிந்து உள்ளிருக்கும் இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். வெளியில் எந்த அடையாளமும் காட்டாத குடும்ப வகைகளும் இருக்கின்றன. அங்கே குடும்ப விவரம் ஒன்றுதான் துணை.

வலி தொடங்கிய விதத்தை விடாமல் கேளுங்கள். கிழிவின் வலி பெரும்பாலும் தொடங்கும்போதே உச்சத்தில் இருக்கும். முதுகுக்கோ வயிற்றுக்கோ நகரலாம். நடுவில் குறைந்துவிட்டால் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவில் 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒரு கையிலோ காலிலோ நாடி குறைந்திருந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வித்தியாசம் இல்லாததால் கிழிவு இல்லை என்று ஆகிவிடாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் ஈசிஜியும் இயல்பாகவே இருக்கலாம். இன்னும் ஆபத்தான நிலை ஒன்று உண்டு: கிழிவு வலது கரோனரி குழாயின் (இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய்) வாயை அடைத்தால் ஈசிஜி அசல் மாரடைப்பைப் போலவே இருக்கும். அப்போது இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினோ கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசி உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதால், சந்தேகம் இருந்தால் போடுவதற்கு முன் வாய்விட்டுக் கேட்க வேண்டியவர் நீங்கள். 'வலி திடீரென்று உச்சத்தில் தொடங்கியிருக்கிறது, அப்பா இளவயதில் இறந்திருக்கிறார், வலது கையில் 160, இடது கையில் 130. பெருந்தமனிக் கிழிவா என்று சிடி ஆஞ்சியோ பார்த்துவிடலாமா டாக்டர்?' இப்படி அளவுகளோடு சொன்னால் எளிதில் தள்ளிவிட முடியாது.

கிழிவு உறுதியானால், மருத்துவர் உத்தரவுப்படி முதலில் நாடித்துடிப்பை 60-க்குக் கீழும், பிறகு மேல் அழுத்தத்தை 100 முதல் 120-க்குள்ளும் கொண்டுவருவதுதான் இலக்கு. இந்த வரிசை மாறக் கூடாது. குழாயை விரிக்கும் நைட்ரோபுருசைடை முதலில் ஏற்றினால் இதயம் வேகமெடுத்து, ஒவ்வொரு துடிப்பும் கிழிந்த சுவரை இன்னும் பலமாக அடிக்கும். எனவே நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்தான் முதலில்: எஸ்மோலால் என்றால் வழக்கமாகக் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் 1 நிமிடத்தில், பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமில் தொடக்கம், லேபிட்டலால் என்றால் 20 மி.கி. மெதுவாக 2 நிமிடத்தில். ஃபென்டனில் அல்லது மார்ஃபினால் வலியை அடக்குவதும் சிகிச்சையின் பாகம். வலி அடங்காமல் அழுத்தம் அடங்காது. எந்தக் கையில் அளவு அதிகமோ அதை வைத்தே மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறைவாகக் காட்டும் கையை நம்பினால் உண்மையான அழுத்தம் கட்டுக்குள் வராது. நோயாளியின் அழுத்தம் ஏற்கனவே விழுந்திருந்தால், இதய உறைக்குள் இரத்தம் தேங்கியிருக்கலாம். அப்போது இந்த மருந்துகளை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

பெரிய கேனுலா இரண்டு, இரத்தம் கிராஸ்மேட்ச் (ஏற்றும் இரத்தம் பொருந்துகிறதா என்ற சோதனை), வாய்வழி எதுவும் வேண்டாம், முழு ஓய்வு. மணிக்கு ஒருமுறை பேச்சு, கை கால் பலம், இரு கை இரு கால்களிலும் நாடி, சிறுநீர் அளவு பாருங்கள். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் அடைபட்டிருக்கலாம். புதிதாக வயிறு வலித்தால் குடலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறு பெருந்தமனியில் (இதயத்திலிருந்து மேலே ஏறும் பகுதி) கிழிவென்றால் அவசர அறுவை சிகிச்சைதான். அதைத் தாமதமாக்கும் எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இரத்தக்குழாயைத் தாக்கும் அந்த எஹ்லர்ஸ்–டான்லோஸ் வகை என்று தெரிந்தவரிடம் தமனியில் ஊசி குத்துவது, சிறுநீர் குழாய் செருகுவது எல்லாவற்றையும் மிகவும் மென்மையாக, அவசியம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இரத்தக்குழாய் மட்டுமல்ல, குடலும் கருப்பையும்கூடக் கிழியக்கூடிய நோய் அது.

வீட்டுக்கு அனுப்பும்போது சில விஷயங்களை எழுதியே கொடுங்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மூச்சை அடக்கிப் பளு தூக்குவதும் உடல் மோதும் விளையாட்டும் வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை வேறு வழி இருக்கும்போது தவிர்க்க வேண்டும். இவை பெருந்தமனிக் கிழிவு ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் லோசார்ட்டான் எடுக்கும் பெண் கருத்தரிக்க நினைத்தால் அதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த மருந்து கருவுக்கு ஆகாது. பெருந்தமனியின் வேர் (இதயத்தோடு இணையும் இடம்) 45 மி.மீ.க்கு மேல் விரிந்த மார்பன் பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். கிழிவு ஆபத்து கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் கூடும் என்பதால், குழந்தை பிறந்ததும் கண்காணிப்பைத் தளர்த்த முடியாது.

அந்த இளைஞரின் அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் எக்கோ (இதயத்தின் ஒலி அலை ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள். அவரிடம் மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால், அதே மாற்றத்தைச் சொந்தங்களிடம் தேடினால் போதும்; அது இல்லாதவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஸ்கேன் தேவைப்படாது. யாரெல்லாம் சோதனைக்கு வந்தார்கள் என்பதைக் கேஸ் ஷீட்டிலேயே குறித்து வையுங்கள்.