பென்சில் டாலர், சிலேட்டு மாலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக்கூடச் சாமான்களை டாலராகவும் மாலையாகவும் ஆக்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். ஆசிரியர் தினம் நெருங்குவதாலோ என்னவோ, கடிதங்கள் நிறைய. பலர் கேட்ட சந்தேகங்களை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

தேய்ந்துபோன பென்சிலை வெட்டி, மேலே சின்ன வளையத் திருகு போட்டு டாலர் செய்கிறேன். இரண்டே நாளில் திருகு கையோடு வந்துவிடுகிறது. ஃபெவிக்விக் விட்டும் நிற்கவில்லை. போதாக்குறைக்குச் சட்டையில் கறை.
— வாசகி, தஞ்சாவூர்

உங்கள் திருகு மரத்தைப் பிடிக்கவே இல்லை. பென்சிலின் நடுவே 2 மி.மீ. கனத்தில் ஓடும் லெட், களிமண்ணையும் கிராஃபைட்டையும் சேர்த்துச் சுட்டது. திருகு இறங்கும்போதே அது மாவாக உதிர்ந்துவிடும். அதன் மேல் ஃபெவிக்விக் விட்டால் பசை மாவைத்தான் ஒட்டுமே தவிர மரத்தை ஒட்டாது.

லெட்டைக் குடைந்து எடுத்துவிட வேண்டியதுதான். பென்சிலை 30 முதல் 35 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கத்தி வேண்டாம், மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். வெட்டும் இடத்தில் செலோ டேப் ஒரு சுற்றுச் சுற்றி, ஹேக்சா பிளேடால் மெதுவாக அறுங்கள். கையால் சுழற்றும் சிறு டிரில்லில் 2 மி.மீ. பிட் மாட்டி, மேல்முனையில் 8 மி.மீ. ஆழத்துக்கு லெட்டை எடுங்கள். தூளை நன்றாகத் தட்டி ஊதிவிட்டு, அரால்டைட் பசையின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து டூத்பிக் நுனியால் குழிக்குள் நிரப்புங்கள். வளையத் திருகுக்குப் பதில் ஐ பின், அதாவது ஒரு முனை வளையமாக மடிந்த கம்பி. அதன் காலை 8 மி.மீ. விட்டு வெட்டி, பிளையரால் லேசாக நெளித்துவிட்டுச் செருகுங்கள். நேரான கம்பி பசையிலிருந்து வழுக்கி வரும், நெளிந்தது வராது. ஒரு டம்ளரில் அரிசி நிரப்பி அதில் பென்சிலை நட்டு வைத்தால் சாயாமல் நிற்கும். ‘ஐந்து நிமிடத்தில் ஒட்டும்’ என்று டியூபில் போட்டிருந்தாலும் ஓர் இரவு தொடாதீர்கள்.

சிலர் குடைவதற்குச் சோம்பல்பட்டுப் பக்கவாட்டில் துளை போடுவார்கள். பென்சில் என்பது நடுவில் காடி எடுத்த இரண்டு மரப்பட்டைகளை ஒட்டிச் செய்தது. வெட்டிய முகத்தை உற்றுப் பார்த்தால் மயிரிழை போல ஒட்டுக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் போக்கிலேயே துளைத்தால் பென்சில் இரண்டாகப் பிளந்துவிடும். கோட்டுக்குக் குறுக்காகத் துளையுங்கள், பிட்டும் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

கறைக்கு வருவோம். சீவிய முனையைச் சொரசொரப்பான காகிதத்தில் ஒரு மி.மீ. தேய்த்து மழுக்கி, நிறமில்லா நெயில் பாலிஷ் இரண்டு கை கொடுத்தால் போதும். குழந்தைக்கென்றால் முனை லெட்டையே எடுத்துவிட்டு, கறுப்பு அடித்த டூத்பிக் துண்டைச் செருகுங்கள். குத்தவும் செய்யாது, கறையும் படாது.

கலர் பென்சிலைக் குறுக்கே வெட்டி மணி செய்யலாம் என்றார்கள். துளை போட்டால் நடுவில் உள்ள கலர் முழுக்கக் கொட்டிவிடுகிறது.
— வாசகி, ஈரோடு

கலர் பென்சிலின் நடுப்பகுதி மெழுகு கலந்தது, நொறுங்கத்தான் செய்யும். 7 மி.மீ. துண்டுகளாக அறுத்ததும், துளைப்பதற்கு முன்பே, தண்ணீர் போல ஓடும் வகை இன்ஸ்டன்ட் பசையை இரண்டு பக்கமும் நடுவில் ஒரு துளி விடுங்கள். அது உள்ளே ஊறி இறுக ஒரு மணி நேரம் ஆகும். பிறகு 1.5 மி.மீ. பிட்டால் பாதி வரை ஒரு பக்கமிருந்தும் மீதியை மறுபக்கமிருந்தும் துளைத்தால், துளையைச் சுற்றிக் கலர் வளையமாக நிற்கும். தேய்க்க 220, பிறகு 400 எண் உப்புத்தாள். வெளிர் மரத்தில் சிவப்புத் தூள் ஏறிவிடும் என்பதால் ஒரு நிறத்துக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக் குரூப் போட்டோவை வட்டமாக வெட்டி, உலோகக் கிண்ணி டாலரில் வைத்து ரெசின் ஊற்றினேன். மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. போட்டோவிலும் எண்ணெய் பட்டது போலத் திட்டுத் திட்டாக இருக்கிறது.
— வாசகர், திருநெல்வேலி

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

பிசுபிசுப்பு, ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலந்த அளவு தவறியதால் வந்தது. 25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. ஆழமும் உள்ள கிண்ணிக்கு ஒன்றரை மில்லிதான் பிடிக்கும். ஒரே ஒரு டாலருக்கென்று கலந்தால், நான்கைந்து சொட்டு கூடினாலோ குறைந்தாலோ விகிதமே மாறிப்போகும். ஆறு டாலருக்காவது சேர்த்துக் கலங்கள். பாட்டிலில் 2:1 என்றோ 3:1 என்றோ போட்டிருப்பது எடையா கொள்ளளவா என்று படித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. எடையென்றால் 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். மூன்று நிமிடம், அவசரமில்லாமல், கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருந்ததுதான் கடைசியில் டாலரில் விழுந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். கெட்டியாகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. மிஞ்சிய ஹார்டனருக்குச் சேர ரெசின் இல்லாமல் அதுவும் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

மழைநாளில் ஊற்றினால் சரியான அளவிலும் மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியும். ஊற்றிய டாலர்களை மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

திட்டு வந்தது, காகிதம் ரெசினைக் குடித்ததால். ஊற்றுவதற்கு முந்தின நாளே போட்டோவின் முன், பின், முக்கியமாக வெட்டிய விளிம்பு மூன்றிலும் ஃபெவிக்காலைத் தண்ணீரில் சற்று இளக்கி இரண்டு கை பூசிக் காயவிட வேண்டும். பெரும்பாலும் விளிம்பைத்தான் விட்டுவிடுகிறார்கள், ரெசினும் அதன் வழியாகவே நுழைகிறது. இங்க்ஜெட் பிரின்ட் ஃபெவிக்கால் பட்டாலே கலங்கும். லேசர் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையில் இருப்பதை ஓரளவு காப்பாற்றலாம். மேற்பரப்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, சரியாகக் கலந்த ரெசினை மெல்லிய படலமாக மேலே ஊற்றினால் பிசுபிசுப்பு அடங்கும். திட்டு போகாது. வேலை முழுக்க நைட்ரைல் கையுறையோடு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒரு கட்டத்தில் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு அதைத் தொடவே முடியாமல் போகும்.

டெரகோட்டாவில் ‘அ’ எழுத்து வைத்த சிலேட்டு டாலர் செய்கிறேன். சுட்டால் பாதி வெடிக்கிறது, மீதியில் எழுத்து மட்டும் கழன்று விழுகிறது.
— வாசகி, விழுப்புரம்

வெடிப்பது ஈரத்தால். மேலே காய்ந்தது போலத் தெரியும் மண்ணின் நடுவில் ஈரம் இருக்கும். சூடு ஏறியதும் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைத்துக்கொண்டு வரும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. 4 மி.மீ. கனமான டாலருக்கு நிழலில் ஐந்து முதல் ஏழு நாள், தினமும் திருப்பிப்போட்டு. வெயிலில் வைப்பது கடைசி நாள் மட்டும். முதல் நாளே வெயிலில் வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து தட்டு வளைந்துவிடும்.

எழுத்து கழல்வது வேறு காரணம். காய்ந்த தட்டின் மேல் ஈர மண்ணில் ‘அ’ செய்து ஒட்டியிருப்பீர்கள். மண் காயும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். தட்டு ஏற்கெனவே சுருங்கி முடிந்திருக்க, எழுத்து மட்டும் இனிச் சுருங்கினால் பிடிப்பு விடாமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே பதத்தில், வெல்லப்பாகு ஆறியது போல, அழுத்தினால் விரல் தடம் மட்டும் பதியும் நிலையில் இருக்க வேண்டும். ஒட்டும் இடம் இரண்டிலும் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்துத் தடவி அழுத்துங்கள். கயிறு கோக்கும் துளையையும் அப்போதே, 3 மி.மீ. அளவில், மேல்விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளிப் போட்டுவிடுங்கள். விளிம்புக்கு நெருங்கிய துளைதான் பின்னால் உடைந்து, டாலர் தரையில் விழும்.

சிலேட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் தேவையே இல்லை. மண் பாத்திரத்தில் மரத்தூளுக்கு நடுவே டாலர்களைப் புதைத்து, மூடியைச் சேற்றால் பூசி அடைத்துச் சுடுங்கள். காற்று கிடைக்காத இடத்தில் கரி மண்ணுக்குள் ஏறி, பழைய கல் சிலேட்டின் மங்கிய கறுப்பு அப்படியே வரும். பாத்திரம் முழுக்க ஆறும் வரை, மறுநாள் காலை வரைக்கும்கூட, திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்ட இடமெல்லாம் செம்மண் நிறத்துக்குத் திரும்பிவிடும்.

பாலிமர் களிமண்ணில் குட்டி ஸ்கூல் பேக் செய்து, பளபளப்புக்கு நெயில் பாலிஷ் அடித்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்தால் கவரோடு ஒட்டியிருக்கிறது.
— வாசகி, கோவை

நெயில் பாலிஷில் உள்ள கரைப்பான் பாலிமர் களிமண்ணை இளக்கிவிடும். உடனே தெரியாது, நாளாக நாளாகப் பிசுக்கும். பென்சில் முனைக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் பூசுங்கள். அப்படியே, களிமண்ணை அடுப்பில் சுட்ட சூட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். பாக்கெட்டில் போட்டிருப்பது 110 டிகிரியா 130 டிகிரியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஓடிஜி அடுப்பின் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை, தனி தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே வையுங்கள். கைப்பிடி வார் வளைத்தால் வளைய வேண்டும். பட்டென்று முறிந்தால் வேகவில்லை.

சுருங்கும் பிளாஸ்டிக் ஷீட்டில் ஸ்கேல், காம்பஸ் எல்லாம் வரைந்து டாலர் செய்ய ஆசை. வீட்டில் பழைய ஓஎச்பி ஷீட் இருக்கிறது, அது ஆகுமா? எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும்?
— வாசகி, மதுரை

ஓஎச்பி ஷீட் ஆகாது. அது பாலியெஸ்டர், சூட்டில் நெளியுமே தவிர ஒழுங்காகச் சுருங்காது. சுருங்குவது பாலிஸ்டைரீன். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட தெளிவான டப்பா மூடிகளும் சுருங்கும், ஆனால் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. ஸ்கேலில் கோடுகள் கோணினால் அசிங்கமாகத் தெரியும், அதற்குக் கடை ஷீட்டே மேல்.

வேண்டிய அளவைப்போல் இரண்டரை மடங்கு வரையுங்கள். துளையைச் சுடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். காகிதம் பஞ்ச் செய்யும் சாதாரண மெஷினின் 6 மி.மீ. துளை சுருங்கி இரண்டரை மி.மீ. ஆகும், வளையத்துக்குக் கச்சிதம். நிறமும் சுருங்கி அடர்ந்துவிடும் என்பதால் வெளிறவே தீட்டுங்கள். 160 டிகிரியில் ஷீட் முதலில் பாம்பு போலச் சுருளும். பயந்து வெளியே இழுத்துவிடாதீர்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே விரியும். விரிந்ததும் எடுத்து, மேலே காகிதம் வைத்து, தட்டையான டம்ளர் அடியால் பத்து விநாடி அழுத்துங்கள்.

பிரவுன் ஷீட் அட்டை போட்டு, லேபிள் ஒட்டிய குட்டி நோட்டு டாலர் செய்தேன். எல்லாரும் ரசித்தார்கள், ஆனால் வளையம் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது.
— வாசகி, புதுச்சேரி

அட்டையில் வளையம் மாட்டினால் கிழியத்தான் கிழியும், எடை முழுக்க ஒரே துளையில். நோட்டைத் தைக்கும் நூலிலேயே தொங்க விடுங்கள். 25 × 40 மி.மீ. காகிதம் பன்னிரண்டை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். முதுகில் மூன்று துளை. மெழுகு தடவிய நூலால் தைக்கும்போது மேல் துளையில் 3 மி.மீ. உள்ள ஒரு சிறு வளையத்தை நூலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அதன் பிறகே பிரவுன் ஷீட். முதுகின் மேல்முனையில் சின்ன வெட்டு விட்டு வளையத்தை வெளியே எடுத்தால் போதும். லேபிளில் பெயர், வகுப்பு, பாடம் மூன்றையும் 0.3 மி.மீ. பேனாவால் எழுதலாம். கழுத்து வியர்வையில் மை ஊறாமலிருக்க மேலே அக்ரிலிக் வார்னிஷ்.

6 மி.மீ. மணி கோத்து 18 அங்குல மாலை செய்ய எத்தனை மணி வாங்க வேண்டும்? கியர் வயர் அடிக்கடி அறுந்துபோகிறது.
— வாசகி, சேலம்

டாலருக்கு இடம் விடாமல் கணக்கிட்டால் 72 மணி. 8 மி.மீ. என்றால் 54. கொக்கிக்கும் வளையங்களுக்கும் ஓர் அங்குலம் கழித்த கணக்கு இது. வயரை 24 அங்குலம் வெட்டுங்கள். வயர் அறுவது பெரும்பாலும் கியர் லாக்குக்கு, அதாவது வயர் முனையைப் பிடிக்க நசுக்கும் சின்ன உலோகக் குழலுக்கு, பக்கத்திலேயே. மணிகளை நெருக்கித் தள்ளி, இழுத்துப் பிடித்து லாக்கை நசுக்கினால் மாலை குச்சிபோல விறைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் வயர் அந்த இடத்திலேயே மடியும். 2 மி.மீ. தளர்வு விட்டு நசுக்குங்கள். மிச்ச வயரை வெட்டாமல் மூன்று மணிக்குள் திருப்பிவிடுங்கள்.

டாலர் வளையத்தை அகல இழுத்துத் திறக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். இரண்டு பிளையரால் பிடித்து, ஒரு முனையை முன்னால், மறுமுனையைப் பின்னால் என்று திருப்பித்தான் திறக்க வேண்டும். அகல இழுத்த வளையம் பழைய வட்டத்துக்குத் திரும்பாது, அந்த இடுக்கு வழியாக டாலர் நழுவும்.

எல்.கே.ஜி. குழந்தைகளுக்குப் பரிசாகக் கொடுக்க 30 மாலை. காந்தக் கொக்கி போட்டால் சுலபமாக மாட்டலாமே?
— ஆசிரியை, நாகப்பட்டினம்

காந்தம் கூடாது. கழன்ற இரண்டு காந்தத்தை ஒரு குழந்தை விழுங்கினால், குடலுக்குள் அவை ஒன்றையொன்று இழுத்துச் சுவரை நசுக்கும். ஆபரேஷன் வரை போகும். கியர் வயரும் வேண்டாம், ஊஞ்சலில் மாட்டி இழுத்தால் அது சட்டென்று அறுவதில்லை. இழுத்தால் பட்டென்று விடுபடும் பிளாஸ்டிக் கொக்கி, அதோடு மெல்லிய பருத்தி நூல். டாலரில் பள்ளியின் முத்திரையை வைப்பதாக இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வயது நிரம்பாத தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று பெற்றோருக்கு ஒரு சீட்டும் கூடவே போகட்டும்.