ஒன்றரைச் சுண்டு அரிசி, அரைச் சுண்டு பருப்பு

இந்த முறை வந்த கடிதங்களில் கனக்க, பல்கலைக்கழகப் பிள்ளைகள் எழுதியவை. கையில் காசும் இல்லை, நேரமும் இல்லை, எதைச் சமைப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 29 வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்து படித்துப் போன பிள்ளைகளும் நிறையப் பேர். இரவு ஒன்பது மணிக்கு அந்த அறையில் வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் இராச்சாப்பாடாகப் போவதைக் கண்டு மனம் கேட்காமல் எத்தனையோ நாள் கதவைத் தட்டியிருக்கிறேன். அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க அவர்களுக்கு.

கேள்வி: ரீச்சர், நான் முதலாம் வருடம். பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட மூன்று பேர் ஓர் அறையில் இருக்கிறோம். றைஸ் குக்கர் ஒன்று வைக்க மட்டும் வீட்டுக்காரர் விட்டிருக்கிறார். காலை எட்டு மணிக்கு விரிவுரை, பின்னேரம் வரும்போது களைத்துப் போய்விடும். கடைப் பார்சல் எடுத்து எடுத்து மாதம் முடிய முன்னமே காசு முடிகிறது. குக்கரில் சோறு தவிர வேறு என்ன செய்யலாம்?
மாணவி, திருநெல்வேலி

பதில்: பிள்ளை, சோறும் கறியும் ஒரே சட்டியில் ஒன்றாகவே வேகட்டும். இதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில், ஒருமுறை மூட்டிய விறகில் முழுச் சாப்பாடும் ஆகவேண்டும் என்பதற்காக அம்மா செய்த பருப்புச்சோறு இது. 2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோதும் எங்கள் பின்னறைப் பிள்ளைகளுக்கு, மாமரத்தடியில் மூன்று கல் வைத்து இதைத்தான் செய்து கொடுத்தேன். றைஸ் குக்கருக்கும் நன்றாகவே ஒத்துவரும்.

சுண்டு என்பது அரிசி அளக்கிற சின்னப் பேணி. மூன்று பேருக்கு ஒன்றரைச் சுண்டு அரிசி, அரைச் சுண்டு மைசூர்ப் பருப்பு, ஐந்து சுண்டு தண்ணீர். அரிசியையும் பருப்பையும் தனித்தனியாகக் கழுவுங்கள். பருப்பை வடிவாகக் கழுவவேண்டும். முதல் தண்ணீர் பால்போல வெள்ளையாக வரும், நாலாவது தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிடும். அதுவரை கழுவாவிட்டால் கொதிக்கும்போது நுரை எழும்பி, மூடியின் ஓட்டையால் பொங்கி, மேசை முழுக்க ஒட்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை இன்னும் அடங்கும். குக்கர்ச் சட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இனி அடுக்கு முறை. அரிசி கீழே, பருப்பு மேலே. அதற்குக் காரணம் இருக்கிறது. சட்டியைத் தூக்கிவிட்டு குக்கருக்குள் பாருங்கள், நடுவில் அழுத்தினால் உள்ளே போகிற ஒரு வட்டத் துண்டு தெரியும். அதற்குள் காந்தம் இருக்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100 பாகைக்கு மேல் அவ்வளவாக ஏறாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் துள்ளும். பருப்பு அடியில் போய்த் தடித்துப் படிந்தால், மேலே தண்ணீர் இருக்கும்போதே அடி சூடேறி சுவிட்ச் துள்ளிவிடும், அரிசி அரை அவியலாக நிற்கும். அதனால்தான் பருப்பு மேலே. கொதி வந்து பத்து நிமிடத்தில் ஒருமுறை அடியோடு கிளறிவிடுங்கள், போதும்.

பருப்போடு சேர்த்து நாலைந்து பல்லு உள்ளி, பிளந்த பச்சைமிளகாய் இரண்டு, ஒரு பிடி சின்ன வெங்காயம், கால் தேக்கரண்டி மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் போடுங்கள். கிளறுகிற நேரத்தில் ஒரு பெரிய பிடி முருங்கையிலை. சுவிட்ச் துள்ளியதும் உடனே திறக்காதீர்கள், பத்து நிமிடம் மூடியபடி இருக்கட்டும். அந்த ஆவியில்தான் சோறு பதமாகும். பிறகு ஒரு பிடி தேங்காய்ப்பூவைத் தூவிக் கிளறி, கோப்பையில் போட்டபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். ஒரு பொரித்த மிளகாயோ ஒரு துண்டு அப்பளமோ இருந்தால் நான் வேறு கறி கேட்கமாட்டேன்.

100 கிராம் மைசூர்ப் பருப்பில் 24 கிராம் அளவு புரதம் உண்டு. ஊறவைக்கவும் தேவையில்லை. விலையை இங்கே எழுதமாட்டேன், இதழ் உங்கள் கைக்கு வருமுன் மாறிவிடும். ஒருமுறை செய்துவிட்டு, மூன்று பார்சலின் காசோடு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பருப்புச்சோற்றை மிச்சம் வைக்காதீர்கள். எங்கள் வெக்கையில் விடிய நூலிழுக்கும். கெட்ட சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அதில் ஊறிய நஞ்சு போகாது. மூன்று பேரும் உண்ணுகிற அளவுக்கே போடுங்கள். ஒருவர் வரமாட்டார் என்றால் அரைச் சுண்டு அரிசியைக் குறையுங்கள், தண்ணீரையும் அதற்கேற்ப.

கேள்வி: இரத்ததானம் செய்யப் போனேன், ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இறைச்சி வாங்கக் கட்டாது. எங்கள் அறையில் அடுப்பும் இல்லை. என்ன சாப்பிடலாம் ரீச்சர்?
கலைப்பீட மாணவி, இரண்டாம் வருடம்

பதில்: மகள், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். மாத்திரை தந்தால் அதை விடாமல் போடுங்கள், சாப்பாடு அதற்குத் துணை. குறைவு ஏன் வந்தது என்பதையும் அவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

அடுப்பு இல்லாமல் செய்யக்கூடியது வல்லாரைச் சம்பல். திருநெல்வேலிச் சந்தையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். பின்னேரத்தில் போனால் இலை வாடியிருக்கும், காலையில் விரிவுரைக்குப் போகிற வழியில் வாங்கி, அறையில் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போங்கள். இலையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கட்டாகப் பிடித்து, பொடியாக அரியுங்கள். எவ்வளவு மெல்லிசாக அரிகிறீர்களோ அவ்வளவுக்குக் கசப்பு அடங்கும். பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்து விரலால் பிசறுங்கள். பத்து நிமிடம் ஆகாது. பொன்னாங்காணியும் முருங்கையிலையும் கிடைத்தால் குக்கர் வைத்திருக்கிற தோழி ஒருத்தியின் சோற்றில் போய்ச் சேரட்டும். முருங்கையைக் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை, உங்கள் ஒழுங்கையில் எந்த வேலியோரம் பார்த்தாலும் ஒரு மரம் நிற்கும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஒரு கொப்பை முறித்துத் தராத ஆட்களை நான் இங்கே கண்டதில்லை.

தேசிக்காய்ப் புளியை நான் ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர அந்தப் புளி உதவும். தேத்தண்ணி அதற்கு நேர் எதிர். சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்ரீ குடிக்கிறது எங்கள் ஊர்ப் பழக்கம், சாப்பாட்டில் உள்ள இரும்பைச் சேரவிடாமல் அது தடுத்துவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். காசே செலவில்லாத வைத்தியம் இது. இன்றைக்கே தொடங்குங்கள்.

கேள்வி: நாங்கள் அறிவியல் நகரில் ஆறு பெடியள் ஒரு வீட்டில் இருக்கிறோம். காஸ் அடுப்பு இருக்கிறது. இடியப்பம் கடையில் வாங்கலாம், ஆனால் நாங்கள் வைக்கிற தேங்காய்ப்பால் சொதி ஒவ்வொரு முறையும் திரைந்துபோகிறது. எங்கே பிழை விடுகிறோம்? ஆறு பேருக்கு மலிவாக வேறு என்ன கறி வைக்கலாம்?
பொறியியல் பீட மாணவன், கிளிநொச்சி

பதில்: தம்பி, பிழை இரண்டு இடத்தில்தான் நடக்கும். எல்லாப் பாலையும் ஒன்றாக விட்டுப் பொங்கக் கொதிக்க வைப்பது ஒன்று. அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் பிழிவது மற்றது.

ஆறு பேருக்கு ஒரு தேங்காய் காணும். பிழிந்த முதற்பாலைத் தனியாக எடுத்து வையுங்கள். அதே பூவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு இன்னும் இரண்டு முறை பிழிந்தால் கப்பிப்பால். கப்பிப்பாலில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கருவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டு வெங்காயம் அவியும்வரை கொதிக்கட்டும். இது எவ்வளவு கொதித்தாலும் பெரிய பாதகமில்லை. அதன்பிறகு நெருப்பை நன்றாகக் குறைத்து முதற்பாலை விடுங்கள். இனி அகப்பை கையை விட்டுப் போகக்கூடாது. அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நில்லுங்கள். சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரத் தொடங்கும், மஞ்சள் நிறம் ஒருபடி கூடும். அதுதான் பதம். நடுவில் கொதி வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றால் திரைந்துவிடும். உடனே இறக்கி, கையைச் சட்டியின் மேல் பிடித்தால் ஆவி சுடாத அளவுக்கு ஆறவிட்டு, பிறகு தேசிக்காய் பிழியுங்கள். விதை விழாமல் பிழியுங்கள், விழுந்தால் கசக்கும்.

அவித்த உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டை, எதைப் போட்டாலும் சொதி ஏற்றுக்கொள்ளும். ஆனால் வைத்த நேரத்தோடு முடித்துவிடுங்கள். தேங்காய்ப்பால் வெக்கைக்குத் தாங்காது.

கறிக்கு சோயா மீற் வாங்கி வையுங்கள். காய்ந்த சோயாவில் பாதியளவு புரதம், மாதக்கணக்கில் கெடாது. பெடியளுக்கு அது பிடிக்காமல் போவது பச்சை மணத்தால்தான். உப்புப் போட்ட கொதிதண்ணியில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, திரும்பவும் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். இரண்டாம் பிழிதல்தான் முக்கியம். பிறகு வெங்காயம், உள்ளி, பெருஞ்சீரகம் தாளித்து, சோயாவை ஓரம் சிவக்க வதக்கி, அதற்குப் பிறகே தூள் போடுங்கள். தூளை முதலே போட்டால் கருகிக் கசக்கும். கடலை, பயறு, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றையும் மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கலாம். நெத்தலியை முள்ளோடு மொறுமொறுவென்று பொரியுங்கள், கல்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. ரின் மீன் பரீட்சை வாரத்துக்கு ஒன்று இரண்டு இருக்கட்டும், நாளாந்தம் அது கட்டாது.

ஒரு நாளைக்கு இரண்டு பேர் சமையல், வேறு இரண்டு பேர் சட்டி கழுவல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சமைக்கிற வீடுகள் உடைவது காசால் குறைவு, கழுவாத சட்டியால்தான் கூட.

கேள்வி: எங்கள் வீட்டுக்கார அம்மா கரண்ட் பில் கூடுது என்று குக்கர் வைக்க விடுகிறா இல்லை. மீனும் காய்ச்சக்கூடாதாம். எப்படிக் கதைப்பது?
மாணவி, கல்வியங்காடு

பதில்: கணக்கோடு போய்க் கதையுங்கள். நானும் அறை வாடகைக்கு விட்டவள், கணக்குச் சொன்ன பிள்ளைக்கு மறுத்ததில்லை. 700 வாட் குக்கர் 40 நிமிடம் ஓடினால் அரை யூனிற்றிலும் சற்றுக் குறைவு. நாளுக்கு ஒருதரம் என்றால் மாதம் 14 யூனிற் மட்டில். அதற்குரிய காசை வாடகையோடு சேர்த்துத் தருகிறேன் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். சுவரில் உள்ள பிளக்கில் நேராகச் செருகுவேன், நீட்டு வயரில் போடமாட்டேன் என்றும் சொல்லுங்கள். அவவின் பயம் பாதி அதுவாகவும் இருக்கலாம்.

மீன் விஷயத்தில் அவவின் பக்கம் நிற்கிறேன். வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் சைவமாக இருக்கிற வீடுகள் இங்கே கனக்க. அந்த நாட்களில் பருப்பு, சோயா, கீரை என்று சமையுங்கள். மற்ற நாட்களில் முட்டை அவிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், கழுவிய முட்டையைச் சோறு வேகும்போதே மேலே வைத்தால் அதுவும் சேர்ந்து அவிந்துவிடும்.

கேள்வி: மகன் யாழ்ப்பாணத்தில் படிக்கிறான். கிழமைக்கொருமுறை பஸ்ஸில் பார்சல் போடுவேன். கறி காய்ச்சி அனுப்பினால் போய்ச் சேரும்போது பழுதாகிறது. என்ன அனுப்பலாம்?
ஒரு தாய், மன்னார்

பதில்: காய்ச்சிய கறியை விடுங்கள் அம்மா. காய்ந்த சாமானாக அனுப்புங்கள். வறுத்த மிளகாய்த்தூள்தான் முதல். உங்கள் கைத்தூள் இருந்தால் அவன் வைக்கிற எந்தக் கறியிலும் வீட்டு வாசம் இருக்கும். வறுத்து அரித்த அரிசிமா, அவித்து அரித்த கோதுமை மா இரண்டில் ஒன்று அனுப்பினால் குக்கரின் ஆவித்தட்டில் துணி விரித்துப் புட்டு அவிப்பான். வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், எள்ளுருண்டை எல்லாம் நாட்கணக்கில் நிற்கும். இரவில் படிக்கிறபோது பிஸ்கட்டுக்குப் பதில் கடிக்க, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் நல்லது. அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா அனுப்புவதென்றால், தண்ணீரில் ஊறவிட்டு மேல் தண்ணீரை வடித்துக் கசப்பு நீக்கிவிட்டே சமைக்கவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள், பெடியளுக்கு அது தெரியாது.

தூளையும் மாவையும் நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத போத்தலில் வாய்மட்டம் நிரப்புங்கள். மூடிக்குக் கீழே ஒரு துண்டுப் பொலித்தீன் வைத்து இறுக்கிவிட்டால், பஸ் எந்தக் கிடங்கில் விழுந்தெழும்பினாலும் சிந்தாது.