வாசகர் கேள்வி – பொறியாளர் பதில்

கேள்வி: என் மகள் கோலாலம்பூரில் சிவில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். ஐந்து மாணவர்கள் சேர்ந்து பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை முழுமையாக வடிவமைக்க வேண்டுமாம். சந்தேகம் கேட்டால் விரிவுரையாளர், "நீங்களே முடிவெடுங்கள்" என்கிறாராம். குழுவில் ஒருவர் ஒழுங்காகச் செய்யாவிட்டாலும் எல்லாருக்கும் மதிப்பெண் குறையுமே என்று அஞ்சுகிறாள். கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படிக் கைவிடுவது முறையா?
– ஒரு தாயார், செந்தூல்

பதில்: அம்மா, தங்கள் மனத்தாங்கல் புரிகிறது, ஆயினும் இதில் நான் விரிவுரையாளர் பக்கமே நிற்கிறேன். இதுவரை தங்கள் மகள் எழுதிய தேர்வுகளில் உத்தரத்தின் நீளமும் அதன்மேல் வரும் பளுவும் வினாத்தாளிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். இறுதியாண்டின் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டப்பணியிலோ ஒரு மனை, அதன் மண் ஆய்வறிக்கை, உரிமையாளரின் தேவைகள் ஆகியவையே கையில் கிடைக்கின்றன. தூண்களை எங்கே நிறுத்துவது, கான்கிரீட்டில் கட்டுவதா எஃகில் கட்டுவதா என்பவற்றுக்கு ஒரே சரியான விடை இல்லாததால், விரிவுரையாளர் ஒன்றைச் சொல்லிவிட்டால் மாணவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

மண்ணைப் பொறுத்தவரை கோலாலம்பூர் கடுமையான ஆசிரியர். நகரின் பல பகுதிகளில் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறையும் அதில் நீர் அரித்த குகைகளும் உள்ளன. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களே இதன் காரணமாக முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்தப்பட்டன. பினாங்கிலோ மலைப்பகுதியில் கருங்கல், ஜார்ஜ்டவுன் கரையோரத்தில் இளகிய கடற்களிமண். ஆகவே மண் அறிக்கையைப் படிக்காமல் மாடிகளை வரையத் தொடங்கும் குழு பிறகு எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

கணினி மென்பொருள் தரும் விடையைத் தாளில் சரிபார்க்கும் பழக்கமும் இப்பணியில்தான் வர வேண்டும். தூண்கள் இரு திசையிலும் 8 மீட்டர் இடைவெளியில் இருந்தால், உள்தூண் ஒன்று ஒவ்வொரு மாடியிலும் 64 சதுர மீட்டரைத் தாங்குகிறது. எல்லாப் பளுவையும் சேர்த்துச் சதுர மீட்டருக்குத் தோராயமாக 12 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை) என்று வைத்தால், பத்து மாடிக்கு 7,680 கிலோநியூட்டன் வரும். பாதுகாப்புக்காகப் பளுவைக் கூட்டிக் காட்டும் பெருக்குக் காரணிகள் சேராத இந்தக் கணக்குக்கு எதிரே மென்பொருள் 4,000 என்று காட்டினால், ஏறக்குறைய பாதி மாடிகளின் பளு உள்ளிடப்படவில்லை என்றே நான் சந்தேகிப்பேன்.

குழு பற்றிய அச்சம் நியாயமானது. சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் பழைய கணக்குத்தாள்களே பெரும் வம்பு. அவற்றிலுள்ள பழைய பிரிட்டிஷ் விதிப்படி நிலைப்பளுவை (கட்டடத்தின் சொந்த எடை) 1.4 ஆலும் பயன்பாட்டுப் பளுவை (ஆட்கள், தளவாடங்களின் எடை) 1.6 ஆலும் பெருக்குவர். ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோடு முறையில் அவை 1.35, 1.5. ஒருவர் இதையும் மற்றவர் அதையும் பயன்படுத்தினால், தளமும் தூணும் வெவ்வேறு கட்டடங்களுக்கு உரியவையாகிவிடும். 1981 ஜூலையில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கும் நடைபாதைகள் இடிந்து 114 பேர் மாண்டதற்கும் ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்க்காத இத்தகைய குறையே ஒரு முக்கியக் காரணம். இரு நடைபாதைகளையும் ஒரே நீண்ட கம்பியில் தொங்கவிடும் அமைப்பு, பொருத்தும் வசதிக்காக இரு தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டது; அதனால் மேல் நடைபாதை இணைப்பில் பளு இரட்டிப்பானதை யாரும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே, முதல் வாரத்திலேயே எந்த விதித்தொகுப்பு, என்ன பளு என்பதை ஐவரும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிடட்டும். ஒருவர் ஏதேனும் மாற்றினால் அன்றே மற்ற நால்வருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பிலும் யார் என்ன செய்தார் என்பது பதிவாக வேண்டும். மதிப்பெண் தகராறு எழுந்தால் அந்தக் குறிப்புதான் பேசும். விரிவுரையாளரைப் பார்க்கப் போகும்போது இரண்டு அமைப்புகளை வரைந்து, தாங்கள் எதைத் தேர்ந்தோம், ஏன் என்று எழுதி எடுத்துச் செல்லட்டும். அப்போதும் அவர் வாய் திறக்காவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.