ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: இணையத்தில் ஒரு கட்டணம் செலுத்தினேன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது; ஆனால் திரையில் 'பரிவர்த்தனை தோல்வி' என்று வந்தது. அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்கிறார்கள். என் விண்டோஸ் மடிக்கணினியில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. கைபேசியில் படமெடுத்து அனுப்பினேன். தெளிவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினேன். படத்தின் குறுக்கே தன் பெயரை அச்சடிக்கிறது; நீக்கப் பணம் கேட்கிறது. பிரவுசரின் முதல் பக்கமும் மாறிவிட்டது. நம்பிக்கையான கட்டண மென்பொருள் எது?

பதில்: எதுவும் வேண்டாம். தேவையானது உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் நினைத்தபோதெல்லாம் பெரும்பாலும் படம் பதிவாகியிருக்கும். பிரிண்ட் ஸ்கிரீன் விசை படத்தைக் கோப்பாகச் சேமிப்பதில்லை. கிளிப்போர்டு என்னும் தற்காலிக நினைவகத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சத்தம் கிடையாது, அறிவிப்பு கிடையாது. பெயின்ட்டையோ வேர்டையோ திறந்து, கண்ட்ரோல் விசையோடு 'வி' எழுத்தை அழுத்தியிருந்தால் முழுத் திரையும் வந்து விழுந்திருக்கும். அதற்குள் வேறு எதையாவது காப்பி செய்திருந்தால் பழைய படம் போய்விட்டது என்று பொருள். சில மடிக்கணினிகளில் இந்த விசைக்கு இரண்டு வேலைகள் இருக்கும்; அங்கே கீழ்வரிசையில் உள்ள 'எஃப்என்' விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஆனால் உங்கள் தேவைக்கு அந்த விசையே வேண்டாம். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், 'எஸ்' எழுத்து மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். திரை சற்று மங்கும்; சுட்டி கூட்டல் குறியாக மாறும். வேண்டிய பகுதியின் ஒரு மூலையில் அழுத்தி, எதிர்மூலை வரை இழுத்து விடுங்கள். வலது ஓரத்தில் ஒரு சிறிய அறிவிப்பு தலைகாட்டும். அதைத் தட்டினால் படம் திறக்கும், அங்கேயே சேமித்துக்கொள்ளலாம். அறிவிப்பைத் தவறவிட்டாலும் பாதகமில்லை, பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். முழுத் திரையும் நேரடியாகக் கோப்பாக வேண்டும் என்றால் விண்டோஸ் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீன். 'படங்கள்' கோப்புறைக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற உட்கோப்புறையில் போய் உட்காரும்.

இவ்வளவு எளிய வசதி மக்களுக்குத் தெரியாமல் போனதில் மைக்ரோசாஃப்ட்டின் பங்கு பெரிது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து திரையைப் படமெடுக்க 'ஸ்னிப்பிங் டூல்' என்றொரு கருவி இருந்தது. 2018இல் 'ஸ்னிப் அண்ட் ஸ்கெட்ச்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, பழையது விடைபெறப் போகிறது என்றார்கள். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது புதிய பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பெயருக்கே திரும்பினார்கள். பிறகு விண்டோஸ் 11இல் பிரிண்ட் ஸ்கிரீன் விசையின் வேலையையும் மாற்றினார்கள். இப்போது பல கணினிகளில் அந்த விசை ஸ்னிப்பிங் டூலைத் திறக்கிறது. ஒரே விசை ஒரு கணினியில் ஒன்றும், பக்கத்துக் கணினியில் வேறொன்றும் செய்தால், பாவம், பயன்படுத்துகிறவர் என்ன செய்வார்? தேடுபொறியில் போய்க் கேட்பார். அங்கேதான் இலவச மென்பொருள் தருவதாகச் சொல்லும் பதிவிறக்கப் பக்கங்கள் கடை விரித்துக் காத்திருக்கின்றன.

அந்தப் பதிவிறக்கப் பக்கங்களைச் சற்று நின்று கவனித்துப் பாருங்கள். நடுவில் பெரிய பச்சைப் பொத்தான்; அது விளம்பரம். உண்மையான இணைப்பு அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நிறுவும்போது, 'எங்கள் தேடல் பக்கத்தை முதல் பக்கமாக்கு' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். 'அடுத்து' என்பது எடுப்பாகவும், 'வேண்டாம்' என்பது இருக்கிறதா என்றே தெரியாதபடி வெளிறியும் இருக்கும். உங்கள் முதல் பக்கம் மாறியது இப்படித்தான். நல்ல கட்டண மென்பொருள்களும் உண்டு, மறுக்கவில்லை. தினமும் பயிற்சிக் கையேடு தயாரிப்பவர்களுக்கு அவை உதவும். ஒரு புகாருக்கு ஒரு படம் எடுக்க அவை எதற்கு?

ஒரே ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் திரைக்குள் அடங்காமல் கீழே நீண்டு போகலாம். தொகை மேலே இருக்கும், பரிவர்த்தனை எண் அடியில் இருக்கும். உடனே பிரவுசர் நீட்சி (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மென்பொருள்) ஒன்றைச் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். சேர்க்கும் முன் அது கேட்கும் அனுமதியைப் படியுங்கள்: 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று இருந்தால், உங்கள் வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் முழுப் பக்கத்தையும் படமாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், 'எஸ்' அழுத்தி, முழுப் பக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். குரோமிலும் இருக்கிறது, ஆனால் அதை நிரலாளர்களுக்கான கருவிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். குரோம்தான் உங்களிடம் என்றால் கண்ட்ரோலுடன் 'பி' அழுத்தி, அச்சுப்பொறிக்குப் பதில் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். சேமித்த கோப்பைத் திறந்து பார்க்காமல் பக்கத்தை மூடாதீர்கள். அச்சு வடிவில் சில பகுதிகள் காணாமல் போவதுண்டு. இன்னொன்று: விவரங்கள் பக்கத்துக்குள் தனியாக உருளும் ஒரு பெட்டியில் இருந்தால், மேலே சொன்ன எல்லா வழிகளும் அந்தப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டுமே பிடிக்கும். அப்போது கண்ட்ரோலுடன் கழித்தல் குறியை அழுத்திக்கொண்டே வந்து, எல்லாம் திரைக்குள் அடங்கும் வரை பக்கத்தைச் சிறிதாக்கிவிட்டுப் படமெடுங்கள். எழுத்து மிகச் சிறிதானால் இரண்டு படங்களாக எடுங்கள், முதல் படத்தின் கடைசி வரி இரண்டாவதிலும் வரும்படி.

பணத்தை வாங்கிக்கொள்ளும் நிறுவனமே ஒரு ரசீதை மின்னஞ்சலில் அனுப்பினால் இத்தனை கூத்தும் தேவையில்லை. 'இந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளவும்' என்று வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஸ்கிரீன்ஷாட் பெரிய சாட்சியமும் இல்லை. பிரவுசரில் தெரியும் எழுத்தைச் சில நொடிகளில் மாற்றிவிட்டுப் படமெடுக்க யாராலும் முடியும். ஆகவே பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றைப் புகார்க் கடிதத்தில் தனியே தட்டச்சு செய்துவிடுங்கள். ஊழியர் தேடப் போவது அந்த எண்ணைத்தான்.

படத்தில் பக்கத்தின் முகவரியும் பிழைச் செய்தியும் இருக்கட்டும். கணக்கு எண், திறந்திருக்கும் மற்றத் தாவல்கள், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் மின்னஞ்சல் இவையெல்லாம் வேண்டாம். எடுக்கும்போதே அளவாக எடுங்கள். எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று இருப்பது சரியல்ல. 2023இல் வெளியான ஒரு குறைபாடு இதற்கு உதாரணம்: விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில் வெட்டி, அதே கோப்பின் மேல் சேமித்த படங்களில், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்தது, அதிலிருந்து ஓரளவு மீட்டெடுக்கவும் முடிந்தது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான். எண்ணை மறைக்க வேண்டியிருந்தால் பெயின்ட்டில் முழுக்க நிரப்பிய கறுப்புச் செவ்வகம் போடுங்கள். ஹைலைட்டர் பேனாவால் பூசுவது மறைப்பாகாது. வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும்.

சேமிக்கும்போது பிஎன்ஜி வடிவமே போதும்; ஜேபெக் எழுத்துகளின் ஓரத்தைக் கலங்கடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள்.

அந்தப் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டு நியாயம் கேட்காதீர்கள். நிறுவனத்தின் முத்திரைப் படத்தை வைத்துக்கொண்டு 'வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில் யாரோ உடனே பதில் போடுவார். 'படம் தெளிவாக இல்லை, இந்தச் செயலியை நிறுவுங்கள், உங்கள் திரையை நானே பார்க்கிறேன்' என்பார். பதிலே எழுதாமல் அவருடைய கணக்கை முடக்கி (பிளாக் செய்து) விடுங்கள்.

இனி, நிறுவிய மென்பொருள். அமைப்புகளில் 'செயலிகள்' பகுதிக்குப் போய், நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். அதே நாளில் நீங்கள் அறியாத வேறு பெயர்களும் நுழைந்திருக்கும், எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு பிரவுசரில் நீட்சிகளின் பட்டியலையும், முதல் பக்கம், தேடுபொறி அமைப்புகளையும் பாருங்கள். விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரை வைத்து ஒருமுறை முழுச் சோதனை ஓட்டுங்கள். நிறுவிய பிறகு வங்கிப் பக்கத்தில் நுழைந்திருந்தால், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்த மென்பொருளுக்குப் பணம் கட்டியிருந்தால், தானாகப் புதுப்பிக்கும் சந்தா உங்கள் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். மென்பொருளை நீக்கினால் சந்தா தானாக நிற்காது.